பயிற்சிக்குச் செய்த வதந்தி

அந்தக் குரல்பதிவு மொத்தமே பதினேழு விநாடி. பின்னணியில் அருவி இரைச்சல்; முன்னால் ஒருவன் மூச்சிரைக்க அழுகிறான். "ஏலே, குத்தாலத்துல நம்ம மேலத்தெருப் பயலுவளக் கீழத்தெருக்காரனுவ போட்டு அடிக்கானுவலே!" ஊர்ப் பெயரும் அதில் உண்டு. இங்கே எழுதவில்லை, ஒருமுறை சொன்னது போதும். அருவி, எங்கள் தென்காசி அலுவலகக் குளியலறைக் குழாய். அழுதவன் நான்.

சாதிச் சண்டை மூளாமல் தடுப்பது எங்கள் தொண்டு நிறுவனத்தின் வேலை. வதந்தி வந்தால் எப்படி விசாரிப்பது என்று இளைஞர்களுக்குப் பயிற்சி கொடுப்போம். அதற்கு மாதிரி வதந்தி ஒன்று செய்யும் பொறுப்பை என்னிடம் தந்த ஒருங்கிணைப்பாளர் அக்கா ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: "நெசமான ஊர்ப் பேரு மட்டும் போட்டுறாதீய தம்பி." நானோ, கல்யாண வீட்டில் மைக்கைக் கண்டாலே மிமிக்ரி செய்யத் தொண்டை அரிக்கிற பிறவி. இல்லாத ஊருக்காக எவன் அழுவான்? சுரண்டைப் பக்கத்து ஊர் ஒன்றைப் போட்டேன். பயிற்சியில் கைதட்டல் காதைப் பிளந்தது. தட்டியவர்களில் ஒரு புண்ணியவான் அதை அப்படியே அந்த ஊருக்கே அனுப்பிவிட்டான்.

சாரல் காலம். இரண்டு தெருப் பையன்களும் அன்று குற்றாலம் போயிருந்தார்கள். வீட்டார் கூப்பிட்டால், அருவியில் குளிக்கிறவன் எப்படிப் போனை எடுப்பான்? மேலத்தெரு கம்போடு ஊர் முகப்பில் நின்றது. சேதி கேட்டு நானும் அக்காவும் போய்ச் சேரவும் கீழத்தெரு வேன் வரவும் சரியாக இருந்தது. உள்ளே ஈரத் துண்டோடு எட்டுப் பையன்கள். அக்கா வேனுக்கு முன்னால் போய் நின்றார்.

"எங்க ஆபீசுல பயிற்சிக்குச் செஞ்சது இது. பொய்யி."

"பேசுனவன் எவன்? அவனக் காட்டு!" என்றார் முன்னால் நின்ற மேலத்தெருப் பெரியவர்.

அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை. "ஆபீசுக்கு நாந்தான் பொறுப்பு அண்ணாச்சி."

இருபது பேர் குரலில் பேசத் தெரிந்த எனக்கு என் குரல் வரவில்லை. பெரியவர் மண்ணை வாரி அக்காவின் முகத்தில் அடித்தார். அப்போதும் அக்கா நகரவில்லை. கால் மணி நேரத்தில் மேலத்தெருப் பையன்கள் நேந்திரங்காய் சிப்ஸைக் கொறித்தபடி பஸ்ஸை விட்டு இறங்கி, "என்ன கூட்டம்?" என்று கேட்டார்கள். வேன் ஊருக்குள் போனது.

எட்டு உயிரைக் காத்தவரை எங்கள் கமிட்டி ஒரே வாரத்தில் வீட்டுக்கு அனுப்பியது. நிறுவனத்தின் பெயரைப் பொதுவில் கெடுத்துவிட்டாராம். 'விஷமிகள் வேலை' என்று சொல்லியிருக்க வேண்டுமாம். வதந்தியைத் தடுக்கச் சம்பளம் வாங்குகிற கனவான்கள், உண்மையைச் சொன்னதற்காக ஒருத்தியின் சோற்றில் கை வைத்தார்கள். அவர் நாற்காலியை எனக்குக் கொடுத்தார்கள். உட்கார்ந்தேன், வெட்கங்கெட்டவன். மூன்று வருடம் மேடை மேடையாக நல்லிணக்கம் பேசினேன்.

போன மாதம் ஆய்க்குடிக்குப் போய் அக்காவிடம் மன்னிப்புக் கேட்டேன். தைத்துக்கொண்டிருந்த ஜாக்கெட்டிலிருந்து கண்ணை எடுக்காமல், "எங்கிட்ட எதுக்குச் சொல்லுதீய? எனக்குத்தான் தெரியுமே. அந்த ஊருல போயிச் சொல்லுங்க" என்றார். ஊரில் சொல்லப்போகிறேன் என்றதும் கமிட்டித் தலைவர், "பழசக் கிளறாதீங்க" என்றார். ராஜினாமாவை அவர் மேஜையில் வைத்துவிட்டு அந்த ஊருக்குப் போனேன்.

பெரியவர் டீக்கடையில் இருந்தார். முழுவதையும் கேட்டார். எழுந்து ஓர் அறை விட்டார். காது இன்னும் இரைகிறது. பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு என் பைக்கில் ஏறினார்.

"எடுலே வண்டிய. அந்தம்மா வீட்டக் காட்டு."