மைனியின் குரல் இருக்கும் பாட்டு

மைனி தன் கழுத்திலிருந்த கட்டியை முதலில் எனக்குத்தான் காட்டினாள். மூன்று வருஷத்துக்கு முன்னால், ஞாயிறு ஆராதனை முடிந்து வந்து சேலை மாற்றும்போது என் கையைப் பிடித்துத் தொண்டைக்குக் கீழே வைத்தாள். புளியங்கொட்டை அளவில் ஏதோ விரலுக்கடியில் நழுவியது. அவள் எச்சில் விழுங்கியபோது அதுவும் ஏறி இறங்கியது.

மைனி என் அண்ணன் மனைவி. அண்ணன் கரிசல்காட்டில் விவசாயம் பார்க்கிறான். மைனிக்குக் கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டி ஆபீசில் பெட்டியில் குச்சி அடைக்கிற வேலை. எங்கள் சபைப் பாடகர் குழுவில் பதினாறு பேர். எந்தப் பாட்டானாலும் முதல் வரி எடுக்கிறவள் அவள்தான். நான் ஆரம்பப் பள்ளி ஆசிரியை, கல்யாணம் செய்துகொள்ளாமல் அவர்கள் வீட்டோடு இருந்துவிட்டவள். ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிப் போனேன். ஆபரேஷன் செய்தாக வேண்டும், குரலுக்குப் போகிற நரம்பு பக்கத்திலேயே இருப்பதால் குரல் கம்மிப்போகலாம், பிறகு திரும்பினாலும் திரும்பலாம், திரும்பாமலும் போகலாம் என்று டாக்டர் ஒளிக்காமல் சொன்னார். ஒரு மாதம் தள்ளிப் போடலாமா என்று மைனி கேட்டாள். அந்த மாதம்தான் எங்கள் குழு முதன்முதலாக எட்டுக் கிறிஸ்துமஸ் பாட்டுகளைத் தூத்துக்குடி ஸ்டுடியோ ஒன்றில் பதிவு செய்யவிருந்தது. ஒரு மாதம் போகலாம், அதற்கு மேல் கூடாது என்றார் டாக்டர். திரும்பி வரும்போது பஸ்ஸில் மைனி கேட்டுக்கொண்டது ஒன்றே ஒன்று.

"அண்ணன்கிட்ட இப்பம் சொல்லாதட்டி."

நான் சொல்லவில்லை. தூத்துக்குடிக்குப் போய் எட்டில் மூன்றாவது பாட்டை மைனி தனியாகப் பாடிவிட்டு வந்தாள். வந்தபிறகுதான் அண்ணனுக்கு விஷயம் தெரிந்தது. அவன் சத்தம் போடவில்லை. என்னோடு பேசுவதை மட்டும் நிறுத்திக்கொண்டான்.

ஆபரேஷன் முடிந்தது. கட்டி கெட்ட கட்டி இல்லை என்று சொல்லிவிட்டார்கள். ஆனால் மைனியின் வாயிலிருந்து வெறும் காற்றுதான் வந்தது. எங்களைக் கூப்பிட வேண்டுமென்றால் கையைத் தட்டுவாள். அந்த டிசம்பர் எனக்கு ஒரே அலுப்பாகப் போனது. காலையில் சமையல், பிறகு பள்ளிக்கூடம், வந்தால் அரையாண்டுத் தேர்வுத்தாள், அடைமழையில் கரிசல் மண் அப்பி அப்பிக் கனத்துப்போன செருப்பு. பாட்டுகள் எல்லோர் போனுக்கும் வந்துசேர்ந்தபோது எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. உண்மையைச் சொன்னால், அந்த மூன்றாவது பாட்டின்மேல் எனக்குக் கோபம்கூட இருந்தது. தெருவில் எல்லா வீட்டிலும் அது பாடியது. எங்கள் வீட்டில் யாரும் போடவில்லை. பக்கத்து வீட்டில் அது ஆரம்பித்தால், அண்ணன் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு காட்டுக்குப் போய்விடுவான். மழையில் காட்டில் அவனுக்கு ஒரு வேலையும் இருந்திருக்காது.

கிறிஸ்துமஸுக்கு முந்திய சனிக்கிழமை மத்தியானம் முந்திரிக்கொத்து சுடுவதற்காக அண்ணன், மைனி, அவர்கள் மகள், நான் என்று நாலு பேரும் உட்கார்ந்து பயற்றமாவையும் வெல்லப்பாகையும் பிசைந்து உருண்டை பிடித்துக்கொண்டிருந்தோம். யாருக்கும் பேசத் தெம்பில்லை. மைனி கையைத் துடைத்துக்கொண்டு என் போனை எடுத்து, மாவு டப்பாவில் சாய்த்து வைத்துப் பாட்டுகளைப் போட்டாள். முதல் இரண்டு பாட்டுக்கும் மகள் தலையாட்டிக்கொண்டிருந்தாள். மூன்றாவது ஆரம்பித்ததும் அண்ணன் எழுந்தான். மைனி அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். எங்க போறீங்க என்று அவள் உதடு கேட்டது.

அண்ணன் போனைப் பார்த்துச் சொன்னான். "என்னால கேக்க முடியல. செத்தவிய பாட்டைப் போட்ட மாதிரி இருக்கு."

"நான் இங்கனதான இருக்கேன்." அந்தக் காற்றைப் பிடிக்க நாங்கள் குனிய வேண்டியிருந்தது. "இருக்கும்போதே கேளுங்க."

அவன் உட்கார்ந்தான். பாட்டு முடிகிறவரை உருண்டை பிடிக்காமல் கையில் மாவை வைத்துக்கொண்டே இருந்தான். முடிந்ததும் மைனி என் பக்கம் திரும்பி, இரண்டாவது சரணத்தில் மூச்சு பற்றாமல் போனதைக் கவனித்தாயா என்று கேட்டாள். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. மகள் திரும்பப் போட்டுக் கண்டுபிடித்தாள். இரண்டு சொற்களுக்கு நடுவே, திருடினது போல ஒரு சின்ன மூச்சு. மகள் சிரித்தாள், அப்புறம் எல்லோரும் சிரித்தோம். மைனி கழுத்தைப் பிடித்துக்கொண்டு சத்தமில்லாமல் சிரித்தாள். அன்று எட்டுப் பாட்டையும் மூன்று தடவை கேட்டோம். எண்ணெயில் கிடந்த கொத்து ஒரு ஈடு கருகிப்போனது.

அன்று சாயங்காலம் அண்ணன் என்னிடம் பேசினான். "எங்கிட்டயும் கேட்டிருக்கலாம்லா. ஒரு மாசந்தான, நானும் சரின்னுதான் சொல்லியிருப்பேன்." சொல்லியிருப்பானா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

குரல் திரும்பிவர ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. வந்தது பழைய குரல் இல்லை. கட்டையாக, ஓரத்தில் கரகரவென்று. மைனி அதை வைத்துக்கொண்டே குழுவுக்குத் திரும்பப் போனாள், கடைசி வரிசைக்கு. முதல் வரியை இப்போது வேறொரு பெண் எடுக்கிறாள்.

இந்த டிசம்பரில் குழுவின் இரண்டாவது ஆல்பம் வந்தது. மகள் கல்லூரி விடுமுறைக்கு வந்திருந்தாள். சாப்பிட்டு முடித்து, தட்டைக் கழுவக்கூட எழுந்திருக்க மனமில்லாமல் உட்கார்ந்து கேட்டோம். எல்லோரும் சேர்ந்து பாடுகிற இடங்களில் நான் மைனியின் குரலைத் தேடினேன். அகப்படவில்லை. மகள் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு தேடினாள். அவளுக்கும் அகப்படவில்லை.

"இருக்கேன்ட்டி," என்றாள் மைனி. "அடியில கெடக்கேன்."

அண்ணன் பயிருக்கு மருந்தடித்துவிட்டு வந்த களைப்பில் தரையில் படுத்து, கையால் கண்ணை மறைத்துக்கொண்டிருந்தான். தூங்கிவிட்டான் என்றுதான் நினைத்தேன்.

"எனக்குக் கேக்குது," என்றான்.

நிஜமாகவே கேட்டதா என்று நாங்கள் யாரும் விசாரிக்கவில்லை. மகள் ஹெட்போனைக் கழற்றிவிட்டு அந்தப் பாட்டை முதலிலிருந்து போட்டாள்.