அவிழும் முடிச்சு

ராயபுரத்தில் நான் மீன் வாங்கும் அக்காவுக்கு ஒரே விரலில் இரண்டு மோதிரம். ஒன்று நிச்சயதார்த்தத்தில் போட்டது, மற்றது மாதா கோயிலில் மாற்றிக்கொண்டது. மீன் கழுவும்போது ஆளுக்கொரு பக்கம் திரும்பிக்கொள்ளாமல் இருக்க, இரண்டையும் வலை நூலால் சேர்த்துக் கட்டியிருந்தது. கட்டியது கடலுக்குப் போகும் கணவர்.

“ஆசாரிகிட்ட குடுத்து ஒட்டிடலாமேக்கா?”

“ஒட்டிட்டா, கரைக்கு வர்ற மனுசன் என் கையப் புடிக்க இன்னா சாக்கு கீது நைனா? நூலு லூசானாதான வந்து கட்டுவாரு!”

அக்காவின் கணவர் வலையில் போடும் முடிச்சு சுறா இழுத்தாலும் அவிழாது. இது மட்டும் எப்படித் தளருகிறது?

ஒருநாள் “போட்டு வருது!” என்று யாரோ கடலைக் காட்டிக் கத்தினார்கள். அக்கா என் வஞ்சிரத்தைப் பாதி வெட்டில் விட்டுவிட்டு, கொண்டையிலிருந்து ஊசியை உருவி முடிச்சை நோண்ட ஆரம்பித்தார். அது அவிழும்வரை நானும் மீனும் காத்திருந்தோம்.