கையைப் பின்னால் கட்டி நின்ற றெஜினா மிசி

செய்தி வந்தபோது சுன்னாகத்தில் எங்கள் முதியோர் பராமரிப்பு நிலையத்தின் புதிய பணியாளர்களுக்கு வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். வகுப்பு என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். நான் வங்கியில் இருந்து ஓய்வுபெற்றவன். லீவு எடுப்பது எப்படி, நேரத்துக்கு வருவது ஏன் என்பவற்றைத்தான் கடைசி மணித்தியாலத்தில் சொல்லிக்கொடுப்பேன். நிலையத்தைத் தொடங்கிய றெஜினா மிசியின் தங்கை தொலைபேசியில் வந்தார். "நேசன் அண்ணை, அக்கா போட்டா. விடியப்புறம், நித்திரையிலையே போட்டா," என்றார். முன்னால் இருந்த பெண்கள் என் முகத்தைப் பார்த்தே விளங்கிக்கொண்டார்கள். வகுப்பை நிறுத்துவோமா என்று ஒருவர் கேட்டார். வேண்டாம் என்றேன். பாதியில் விட்டுவிட்டு ஓடியிருந்தால் அந்த மனுசி பெட்டிக்குள் கிடந்தபடியே என்னை ஏசியிருப்பார். முடித்துவிட்டுத்தான் குருநகருக்குப் போனேன்.

செத்தவீட்டில் ஒருவர் என் காதோடு காதாகச் சொன்னார்: "ஊரிலை உள்ள கிழடுகளுக்கெல்லாம் ஆயுசைக் கூட்டிக் குடுத்த மனுசி, தான் எழுபதைக் காணாமல் போட்டாவே!" எனக்கு வந்த கோபத்தை அந்த இடத்தில் காட்ட முடியவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன். இதை வாசிக்கிற உங்களில் பலர் எங்களோடு வேலை செய்தவர்கள், அல்லது தாய் தகப்பனை எங்களை நம்பி விட்டவர்கள். உங்களுக்காவது உண்மை தெரிய வேண்டும். றெஜினா மிசி ஒருநாளும் ஆயுளை விற்றதில்லை. கேட்டவர்களுக்கு நேராகவே சொல்வார்: "ஆயுசு ஆண்டவற்றை வேலை. கதிரையிலை இருந்து ஆளை எழுப்பிவிடுறதுதான் என்ரை வேலை."

பிறந்தது குருநகரில். தகப்பன் கடலுக்குப் போனவர். மிசி வைத்தியசாலை வாட்டுகளில் தாதியாக இருந்தே தலை நரைத்தவர்; தாதியை நாங்கள் மிசி என்றுதான் கூப்பிடுவோம். ஓய்வுபெற்றபின் சும்மா இருக்க முடியாமல், வீடுவீடாகப் போய் வயதானவர்களைப் பராமரிக்கும் நிலையத்தைத் தொடங்கினார். நான் அதில் வந்து சேர்ந்தது என் அம்மாவால்.

அம்மா விழுந்து இடுப்பெலும்பை முறித்துச் சத்திரசிகிச்சை முடிந்து வீடு வந்த காலம் அது. ரொறன்ரோவில் இருக்கும் என் அண்ணை பாசத்தில் ஒரு குறையும் வைக்கவில்லை. ஏற்றி இறக்கும் கட்டில், சக்கர நாற்காலி, முழுநேரமும் கூட இருக்க ஒரு பெண், வாசலுக்கு மேலே ஒரு கமரா. அந்தக் கமராவில் அண்ணை அங்கிருந்து பார்ப்பார், கதைக்கவும் செய்வார். வீடு முழுக்க முகம் தெரிகிற மாதிரி மாபிள் போட்டதும் அவர்தான். "அம்மா இனி ஒரு துரும்பையும் தூக்கக்கூடாது" என்பது அவருடைய கட்டளை. அம்மாவும் வருகிறவர்களிடம், "எனக்கென்ன குறை, ராசாத்தி மாதிரி இருக்கிறன்," என்று சொல்லிக்கொண்டு, கிழமைக்குக் கிழமை கட்டிலோடு கட்டிலாகிக்கொண்டிருந்தார்.

யாரோ சொல்லி மிசியை அழைத்தேன். அவர் வந்ததும் அறிக்கைகளைப் பார்த்தார், காலைப் பிடித்துப் பார்த்தார், பிறகு அம்மாவின் பக்கத்தில் இருந்து, "அம்மா, உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டார். அதுவரை அந்தக் கேள்வியை அம்மாவிடம் யாரும் கேட்டிருக்கவில்லை. அம்மா கொஞ்சம் யோசித்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "அடுப்படிக்குப் போகவேணும் பிள்ளை. உவள் அவிக்கிற புட்டு ஏன் இப்பிடிக் கட்டி கட்டியாக் கிடக்குதெண்டு ஒருக்காப் பாக்கவேணும்," என்றார். மிசி சிரிக்கவில்லை. "சரி, அப்ப அடுப்படிக்குப் போவம்," என்று சொல்லிவிட்டு அன்றைக்கே வேலையைத் தொடங்கினார். முதலில் கட்டில் விளிம்பில் இருத்தினார். பிறகு கதிரையில் இருந்து எழுவது, இருப்பது. அம்மா அவரைத் திட்டாத நாள் இல்லை. மாபிளின் மேல் சறுக்காத விரிப்பு ஒன்றை மிசி கட்டிலில் இருந்து அடுப்படி வரைக்கும் ஒட்டச் சொன்னார். வீட்டின் வடிவு கெட்டுப்போகிறதே என்றேன். "வீடு வடிவாக் கிடக்கும், அம்மா கட்டிலிலை கிடப்பா. எது வேணும் உமக்கு?" என்றார்.

ஒரு நாள் காலை, அம்மா முதல்முறையாக அடுப்படிக்கு நடக்கப் போகிறார். கையில் ஊன்றுகோல். மிசி அம்மாவுக்கு அரை அடி பின்னால், இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கிறார். அப்போது வாசலுக்கு மேலே இருந்து அண்ணையின் குரல்: "நேசன்! உவ ஏன் கையைப் பின்னாலை கட்டிக்கொண்டு நிக்கிறா? அம்மாவைப் பிடிக்கச் சொல்லடா! பிடிக்காமல் நிக்கவே உவவுக்குச் சம்பளம்?"

மிசி கமராவைத் திரும்பிப் பார்க்கவில்லை. அம்மாவின் கால்களில் இருந்து கண்ணை எடுக்காமலே பதில் சொன்னார்: "தம்பி, நான் பிடிச்சா உங்கடை அம்மா என்னிலை சாய்வா. சாஞ்சு பழகினா காலுக்கு வேலை மறந்துபோகும். பேசாமல் பாருங்கோ."

அடுப்படி வாசலில் அம்மா ஒருமுறை ஆடினார். நான் பாய்ந்தேன். மிசி தன் உடம்பாலேயே என்னை மறித்தார். அம்மா தன் கையாலேயே கதவு நிலையைப் பிடித்து, மூச்சு வாங்கி, நிமிர்ந்து, உள்ளே போய்விட்டார். போனதும் முதல் வேலையாக, "தள்ளு பிள்ளை அங்காலை. மாவை இப்பிடியே குழைக்கிறது?" என்று அந்தப் பெண்ணை அதட்டினார். கமராவில் விம்மல் கேட்டது. அம்மா நிமிர்ந்து, "ஏன் அவன் மூக்கை உறிஞ்சிறான்? தடிமன் பிடிச்சிட்டுதே?" என்று கேட்டார். அம்மா இப்போதும் இருக்கிறார், புட்டும் அவிக்கிறார். எங்கள் வீட்டில் இப்போது யாருக்கும் கட்டிப் புட்டு இல்லை.

வெளியே வந்தபோது, உங்களுக்குப் பயமில்லையா என்று மிசியிடம் கேட்டேன். தன் கைகளைக் காட்டினார். ஒரு கையில் மற்றக் கையின் நகம் பதிந்து சிவந்திருந்தது. "பயமில்லாமலே? வாட்டிலை ஆக்களைத் தூக்கித் தூக்கிப் பழகின கை இது. சும்மா விட்டா தானா ஓடிப்போய்ப் பிடிச்சிடும். அதுதான் கட்டி வைக்கிறன்," என்றார். அடுத்த மாதமே நான் நிலையத்தில் சேர்ந்துவிட்டேன்.

கையைப் பின்னால் கட்டுவது எங்கள் ஆட்களின் வழக்கமாயிற்று. அதனால் வாங்கிக் கட்டிக்கொண்டதும் கொஞ்சமல்ல. பெரியவர்கள் இருக்கும் இடத்தில் கையைப் பின்னால் கட்டி நிற்பது எங்கள் ஊரில் திமிர். வல்வெட்டித்துறையில் ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபர் ஒருவர் என்னைக் கூப்பிட்டு, "உங்கடை பெட்டையளுக்கு ஒருத்தரும் மரியாதை படிப்பிக்கேல்லையே?" என்று கேட்டார். மிசி மறுநாளே அங்கு போனார். "ஐயா, என்ரை பிள்ளையள் உங்களுக்கு முன்னாலை அப்பிடி நிண்டா மரியாதைக் குறைவுதான். அவையள் உங்களுக்குப் பின்னாலையெல்லோ நிக்கினம்," என்றார். அதிபர் சிரித்தாரோ இல்லையோ, நடந்தார்.

எல்லா இடத்திலும் வெற்றி என்று சொன்னால் மிசியே என்னைப் பொய்யன் என்பார். தென்மராட்சியில் ஒரு ஐயா, எங்கள் ஆள் பின்னால் நிற்கும்போதே விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். மிசி யாரையும் முன்னால் தள்ளிவிடாமல் தானே அந்த வீட்டுக்குப் போனார். "அவர் அண்டைக்கு நடக்கிற நிலையிலை இல்லை. அதை நாங்கள் பாத்திருக்கவேணும். பிழை எங்கடைதான்," என்று குடும்பத்தாரிடம் சொன்னார். அவர்கள் எங்களை நிறுத்திவிட்டார்கள். கட்டு அவிழ்த்த பிறகு அந்த ஐயாவே பிடிவாதம் பிடித்துத் திரும்பக் கூப்பிட வைத்தார்.

இதற்கிடையில் நாட்டில் முதுமை பெரிய தொழிலாகிவிட்டது. நீண்ட ஆயுளுக்கென்று கொழும்பு விடுதிகளில் தனிச் சேவைகள், முருங்கையிலைத் தூள், எண்ணெய்க் குளியல், உடற்பரிசோதனை, வெளிநாட்டுப் பிள்ளைகள் பெற்றோருக்கு வாங்கிக் கொடுக்கிற வருடச் சந்தா. யாழ்ப்பாண நகரத்து விடுதி ஒன்றில் இதைப் பற்றிய கூட்டத்துக்கு நாங்கள் இருவரும் போனோம். மிசி எல்லாவற்றுக்கும் முகம் சுளிப்பார் என்று நினைத்தேன். அப்படியில்லை. "வரட்டும், நல்லா வளரட்டும். இவ்வளவு காலமும் இதை வேலைக்காரி வேலையெண்டுதானே பாத்தவை. இனி எங்கடை பெட்டையளுக்கு நல்ல சம்பளம், லீவு, படிப்பு எல்லாம் வரும்," என்று என் காதில் சொன்னார். மேடையில் பேசிய கொழும்பு நிறுவனத்து இளைஞர், தங்கள் முதியோர் கிராமத்தில் இருப்பவர்கள் ஒரு துரும்பைக்கூடக் கிள்ளிப்போடத் தேவையில்லை என்று பெருமையாகச் சொன்னபோது மட்டும் மிசி கையை உயர்த்தினார். "தம்பி, அங்கை ஆராவது தேத்தண்ணி போட விரும்பினா விடுவியளோ?" அந்தப் பிள்ளை நல்லவர். யோசித்துவிட்டு, அதைப் பற்றி நாங்கள் நினைக்கவில்லை அம்மா என்றார். "நினையுங்கோ," என்றார் மிசி.

அந்த நிறுவனமே பிறகு எங்களைத் தேடி வந்தது. எங்கள் நிலையத்தைத் தங்களோடு சேர்த்துக்கொள்வார்களாம். வாகனம் தருவார்கள், குடாநாடு முழுவதும் கிளை போடுவார்கள், எல்லாருக்கும் சம்பளம் கூடும். ஒரே ஒரு நிபந்தனை. வயதானவர் நடக்கும்போது எங்கள் ஆள் எந்த நேரமும் பிடித்திருக்க வேண்டும். விழக்கூடியவர் என்றால் சக்கர நாற்காலிதான். விழுந்தால் யார் பொறுப்பு என்று கேட்டார்கள். மணிக்கட்டு உடைந்த ஐயாவை நினைத்துப் பார்த்தபோது அதை விசர்க் கேள்வி என்று தள்ள எனக்கு முடியவில்லை. எங்களோடு வேலை செய்யும் பெண்களின் வீட்டு நிலைமையும் எனக்குத் தெரியும். அந்த நேரத்தில்தான் மிசிக்குப் புற்றுநோய் என்று தெரியவந்தது. ஒப்பந்தப் பத்திரத்தை அவரிடம் கொண்டுபோனேன். வாசித்துவிட்டுத் திருப்பித் தந்தார். "நான் இருக்கப்போற ஆளில்லை. இருக்கப்போறவர்தான் முடிவெடுக்கவேணும். வடிவா யோசியும்," என்றார். அதற்கு மேல் எவ்வளவு கேட்டும் ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு அவர் மேல் கோபம்கூட வந்தது.

கடைசி மாதங்களில் எங்கள் பெண்கள் முறை வைத்து அவரைப் பார்த்தார்கள். கால் இரண்டும் சக்தி இழந்துவிட்டன. ஒரு நாள் நானும் அங்கு இருந்தேன். மிசி கட்டிலில் இருந்து எழும்ப முயன்றார். முடியவில்லை. மறுபடியும் முயன்றார். அவரே பழக்கிவிட்ட பெண் ஒருவர், சொல்லிக்கொடுத்தபடி, கையைப் பின்னால் இறுக்கிக் கட்டிக்கொண்டு, கண் கலங்க நின்றுகொண்டிருந்தார்.

மிசி அவரை நிமிர்ந்து பார்த்தார். "ஏன் பிள்ளை மரம் மாதிரி நிக்கிறாய்? தூக்கன்."

"நீங்கள்தானே மிசி பிடிக்கக்கூடாதெண்டு சொன்னனீங்கள்..."

"எழும்பக்கூடிய ஆளுக்கெல்லோ அதைச் சொன்னனான். என்னாலை இனி ஏலாது. தூக்கு."

அந்தப் பெண் அழுதபடி குனிந்தார். உடனே மிசியின் அதட்டல்: "அழுதுகொண்டு தூக்காதை. முதுகை நிமித்து. உன்ரை நாரி முறிஞ்சுபோயிடும்." அந்தப் பெண்ணின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, முழுப் பாரத்தையும் அவர் மேல் போட்டு, வெட்கம் கொஞ்சமும் இல்லாமல் கதிரைக்கு வந்து சேர்ந்தார். வாழ்நாள் முழுவதும் ஆட்களைத் தம் காலில் நிற்க வைத்தவர், தன் முறை வந்தபோது வீம்பு பிடிக்கவில்லை. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். எனக்குத் தாங்கவில்லை.

மூச்சு வாங்கி முடிந்ததும் என்னைப் பார்த்தார். "நேசன், எல்லாரையும் பிடிக்கிறது லேசான வேலை. ஒருத்தரையும் பிடிக்காமல் விடுறதும் லேசுதான். இண்டைக்கு இந்த ஆளுக்கு எது வேணுமெண்டு பாக்கிறதுதான் கஷ்டம். அதுக்குத்தான் எங்களுக்குச் சம்பளம்." அந்தப் பத்திரம் பற்றிய என் யோசனை அன்றைக்கே முடிந்துவிட்டது. அவரிடம் அதைச் சொல்லவில்லை. சொல்லாமலே அவருக்கு விளங்கியிருக்கும் என்று நினைக்கிறேன்.

முப்பத்தோராம் நாள் பூசை முடிந்த பிறகு கொழும்பில் இருந்து கேட்டார்கள். அந்த நிபந்தனையை எடுத்துவிட்டால் இன்றைக்கே கையெழுத்து வைக்கிறேன் என்றேன். எடுக்க முடியாது என்றார்கள். அப்படியென்றால் முடியாது என்றேன். வாகனம் இல்லை. கிளையும் இல்லை. எங்கள் பெண்களைக் கூட்டி இதைச் சொன்னபோது சிலர் முகம் வாடியது. இரண்டு பேர் விட்டுப் போனார்கள். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். மற்றவர்கள் நிற்கிறார்கள். சம்பளத்தைக் கூட்ட வேறு வழி தேட வேண்டும். தேடுவேன்.

மிசியிடம் இருந்து எனக்கு மிஞ்சியது அவருடைய கோபமும் அல்ல, வாயும் அல்ல. அதெல்லாம் எனக்கு முன்பே இருந்தது. போய்ப் பார்க்காமல் முடிவு சொல்லக்கூடாது என்கிற பிடிவாதம் ஒன்றைத்தான் வைத்துக்கொண்டிருக்கிறேன். போன கிழமை லண்டனில் இருந்து ஒரு மகன் தன் அம்மாவுக்காகத் தொலைபேசி எடுத்தார். "ஐயா, ஒண்டை மட்டும் சொல்லுங்கோ. உங்கடை ஆக்கள் அம்மாவைப் பிடிப்பினமோ, மாட்டினமோ?"

"அம்மாவைப் பாக்காமல் நான் என்னெண்டு சொல்லுறது?" என்றேன். "நாளைக்குக் காலமை வாறன். பாத்துப்போட்டுச் சொல்லுறன்."

அவர் அம்மாவின் வீட்டுக்கு வழி சொல்லத் தொடங்கினார்.