மதகுக்கு அந்தாண்டை ஒரு கரண்டி எண்ணெய்

மூர்த்திக்குப்பத்துச் சிந்தாமணி மீன் விற்கிறவள். கூடையைத் தலையில் வைத்துச் சோரியாங்குப்பம் வரைக்கும் நடப்பாள். பிரெஞ்சுக்காரன் புதுச்சேரியை விட்டுக் கப்பலேறி ஐந்து வருஷம் ஆன அந்த ஆடியில் கூடையோடு ஒரு சீசாவும் வந்தது. சுறா ஈரல் எண்ணெய். மாலைக்கண் பிள்ளைகளுக்குத் தினம் ஒரு கரண்டி என்று டிஸ்பென்சரி கம்பவுண்டர் சம்மந்தம் கொடுத்தது. வீடு வீடாகப் போக அவருக்கு ஆள் இல்லை. இவள் எப்படியும் போகிறவள்.

முதலில் எண்ணெயைத் தாய்மார்களிடமே கொடுத்துப் பார்த்தாள். ஒருத்தி பிள்ளையின் சிரங்குக்குத் தடவினாள். இன்னொருத்தி மாட்டுக்கொட்டகையில் விளக்கேற்றிவிட்டாள். அதற்கப்புறம் சிந்தாமணி எவளையும் நம்பவில்லை. தன் கையாலேயே ஊற்றி, வெல்லத்துண்டு கொடுத்து, விழுங்கின பிறகுதான் நகருவாள்.

சோரியாங்குப்பத்து விருத்தாம்பாளின் நாலு வயது மகள் சின்னபொண்ணுக்குத்தான் நிலைமை மோசம். கண்ணின் வெள்ளை வறண்டு சொரசொரத்துக் கிடந்தது. "ஒரு நாள் வுடாம ஊத்தும்மா. வுட்டா கண்ணு போயிடும், அப்பறம் என்னால ஒண்ணும் ஆவாது" என்றிருந்தார் சம்மந்தம்.

நாலு நாள் ஊற்றியிருப்பாள். ஊரில் மாரியம்மனுக்குக் காப்புக் கட்டிவிட்டார்கள். பத்து நாளைக்கு மீன், கறி என்று எந்தக் கவிச்சியும் ஊருக்குள் நுழையக் கூடாது. மணிக்கட்டில் மஞ்சள் காப்போடு ஊர் எல்லை வாய்க்கால் மதகடியில் மறித்து நின்றவன் வேறு யாருமில்லை, விருத்தாம்பாள் புருஷன் தங்கவேல்தான்.

"இன்னா சிந்தாமணி, காப்பு கட்னது தெரியாதா?"

"தெரியும்ணே. கூடய தூக்கினா வந்தேன்? தலைக்கு ஊத்தினுதான் வரேன். இது மருந்து."

"மருந்தா? எனுக்கு மூக்கு இன்னா அவிஞ்சா போச்சி?"

"உம்மூக்கு நல்லாத்தான் கீது. உம்பொண்ணு கண்ணுதான் அவியுது. பொழுது சாஞ்சா சோத்துத் தட்ட தடவித் தேடுதே, பாத்தியா?"

"ஆத்தா பாத்துப்பா. போ, போ."

சாமியோடு மல்லுக்கு நிற்க அவள் வரவில்லை. "செரி, உங்க எல்ல எதுவரிக்கும்?" என்றாள். அவன் மதகைக் காட்டினான். அவள் மதகுக்கு அந்தாண்டை போய் வரப்பில் உட்கார்ந்தாள். "இங்க குந்தலாமில்ல? புள்ளய இட்டாரச் சொல்லு."

அன்றைக்கு ஒருத்தரும் வரவில்லை. பொழுது சாயும்வரை பார்த்துவிட்டுப் போனாள். மறுநாளும் வந்து உட்கார்ந்தாள். விருத்தாம்பாள் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாக வந்தாள்.

"சீக்கிரம் ஊத்துக்கா. அவரு எதிர்லயே தூக்கினு வந்துட்டேன். வூட்ல ஒரே சண்ட."

எண்ணெய் இறங்கியதும் விருத்தாம்பாள் பிள்ளையை வாய் கொப்பளிக்க வைத்து, தலையில் வாய்க்கால் தண்ணீரை மொண்டு ஊற்றி, ஈரத்தோடு ஊருக்குள் தூக்கிப் போனாள். தீட்டும் போயிற்று, மருந்தும் போயிற்று உள்ளே. மற்ற தாய்மார்களுக்கும் வழி தெரிந்துவிட்டது. ஆறாம் நாள் வரப்பில் ஏழு பிள்ளைகள், ஏழும் ஈரத் தலை.

பத்தாம் நாள் கூழ் ஊற்றுகிற நாள். பெண்டாட்டி பானையை விட்டு நகர முடியாமல், தங்கவேலே பிள்ளையைத் தூக்கி வந்தான். காப்புக் கட்டியவன் கால் எல்லையைத் தாண்டக் கூடாது. மதகு விளிம்பில் நின்று இரண்டு கையாலும் பிள்ளையை அந்தப் பக்கம் நீட்டினான்.

"சட்டுனு ஊத்து. கை கடுக்குது."

"இரு, மொதல்ல கண்ணப் பாக்கறேன்." இமையை விரித்தாள். வறட்சி விட்டு வெள்ளையில் ஈரம் மினுங்கியது.

"இன்னா... எப்பிடி கீது?" தங்கவேல் எட்டிப் பார்த்தான்.

"தப்பிச்சிதுண்ணே. ஆனா வுடக் கூடாது. காப்ப அவுத்ததும் வூட்டுக்கே வருவேன், நீ மூக்க மூடிக்க."

தங்கவேல் பிள்ளையை இன்னும் கொஞ்சம் முன்னால் நீட்டினான்.