கழுவாத கை

கும்மிடிப்பூண்டி லோக்கல் ரயிலில் எதிரே உட்கார்ந்தவருக்குப் பத்து விரல்களும் மஞ்சளாக இருந்தன, எண்ணிப் பார்த்தேன். மஞ்சளிலிருந்து குர்குமின் பிரித்தெடுக்கும் ஆலையில் வேலையாம். கூட ஏறிய ஆலைக்காரர்கள் கையைத் தேய்த்துக் கழுவியிருக்க, இவர் மட்டும் கழுவவில்லை. தூளைத் திருடுகிறவரோ என்று சந்தேகப்பட்டேன்.

என் மனைவிக்கு மறதி நோய், என்னையே யாரென்று கேட்கிறாள் என்றேன். உடனே பையிலிருந்து அந்தத் தூளில் ஒரு பொட்டலத்தை நீட்டினார். சந்தேகம் உறுதியானது.

"மூளைல கட்டி கட்டியா சேர்ற புரதத்துல இது ஒட்டிக்கினு, மேல சேர வுடாதாம் சார். லேப்ல சொல்றாங்கோ."

"லேப்ல சரி. வயித்துக்குப் போறது மூளைக்குப் போவுமா?"

"இன்னாத்த கண்டேன் சார்? எங்கம்மாவுக்கும் அதே மறதிதான். தெனம் பால்ல கலந்து குடுக்கறேன்."

"உங்கள அடையாளம் தெரியுதா?"

"கையப் பாத்துட்டு, 'வந்துட்டியாடா'ன்னு கேக்கும். ஒருநாள் சோப்பு போட்டுக் கழுவிக்கினு போனேன். 'யார்ரா நீ, ஊட்டுக்குள்ள வர்றே'ன்னு தொரத்திடுச்சி."

பொட்டலத்தை வாங்கி வந்தேன், இன்னும் பிரிக்கவில்லை. அந்தத் தாய்க்கு மகனை அடையாளம் காட்டுவது பாலில் கலக்கும் தூளா, விரலில் இருக்கும் கறையா? எது என்று அவருக்கு நன்றாகவே தெரியும் என்பதுதான் இப்போது என் சந்தேகம்.