மாளிகை வாசலில் விட்ட சப்பாத்து

லண்டனில் இருக்கும் மகளிடம் ஒஸ்லோவிலிருந்து போயிருந்தோம். என் மனைவிக்கு ஒரே ஆசைதான். ஒஸ்லோவின் ரொம்மன் பகுதியில் எங்கள் வீட்டுத் தொலைக்காட்சியில் அவள் பார்க்கும் தொடரில், வாரம் ஒரு கொலை விழும் ஆங்கிலக் கிராமம் வரும். அப்படியொரு கிராமத்துத் தேநீர்க் கடையில் உட்கார்ந்து ஒரு கோப்பை குடிக்கவேண்டும்.

மகள் கிராமத்தைக் கண்டுபிடித்து எங்களை ரயிலேற்றிவிட்டாள். பக்கத்தில் பழைய பிரபு மாளிகை ஒன்றும் இருந்தது. கடை நான்கு மணிக்குப் பூட்டும் என்று மனைவி மூன்று தரம் சொன்னாள். மாளிகையை முதலில் பார்ப்போம் என்றது நான்.

வாசலில் தடித்த கம்பளம். சப்பாத்தைக் கழற்றி ஓரமாக வைத்தேன். ஊரிலும் அப்படித்தான், நோர்வேயிலும் அப்படித்தான்.

"இஞ்சேருங்கோ, இது வீடில்லை. ஆரும் கழட்டேல்லை."

"பின்னாலை பார். ரெண்டு பேர் கழட்டுகினம்."

உள்ளே நாற்பத்தொரு ஓவியங்கள். சிரித்த முகம் இரண்டு, இரண்டும் நாய்கள். அரசர் ஒருவர் ஓரிரவு படுத்த கட்டிலைச் சுற்றிக் கயிறு கட்டியிருந்தார்கள், விரிப்பை இன்னும் மாற்றவில்லை போல. பதினான்கு கணப்புகள் எண்ணினேன்; ஒன்றிலும் நெருப்பில்லை. ஒஸ்லோவில் எங்கள் வீட்டுப் பக்கத்து ஸ்டோவ்னர் பேருந்துத் தரிப்பிடம்கூட இதைவிடச் சூடு.

வெளியேறும் வழி பின்பக்கத் தோட்டத்தில் கொண்டுபோய் விட்டது. சரளைக்கல்லில் காலுறையோடு வீட்டைச் சுற்றி முன்வாசலுக்கு வந்தால், சப்பாத்தைக் காணோம். யாரோ தொலைத்த பொருள் என்று அறையொன்றில் வைத்துப் பூட்டிவிட்டார்களாம். திறப்பு வைத்திருப்பவர் அரை மணித்தியாலத்தில் வருவாராம். என்னைப் பார்த்துக் கழற்றிய இருவரும் வாசலோர வாங்கில் உட்கார்ந்து சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள், நோர்வே மொழியில்.

"இருந்து எடுத்துக்கொண்டு போவம்," என்றேன்.

"மூண்டரை ஆச்சு. நீங்கள் இருங்கோ. நான் போறன்."

போயே விட்டாள். காலுறையோடு பின்னால் ஓடினேன். வழியில் ஒன்பது நீர்க்குட்டைகள்; ஆறை மட்டும் தாண்டினேன்.

தேநீர்க் கடைக்காரி என் கால்களைப் பார்த்துவிட்டு, கீழே பத்திரிகைத்தாள் விரித்தாள். நனைந்த நாய்க்குச் செய்வதுபோல. மனைவி அவளுக்கு நன்றி சொன்னாள். ஜன்னலோரம் உட்கார்ந்து கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தாள்.

"எப்பிடி?" என்றேன்.

"தேத்தண்ணிக்குச் சாயம் காணாது."

"அப்ப எழும்பு. திறப்புக்காரன் வந்திருப்பான்."

அவள் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தாள். நான்கு மணிக்கு இன்னும் எட்டு நிமிடம் இருந்தது.

"இன்னொரு கோப்பை சொல்லுங்கோ," என்றாள்.