தள்ளாமல் விடுவது

முதலில் நடந்ததை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

1. எண்ணூர்க் கழியில், மணல்திட்டு ஓரமாக, ஆறு சிறு பாய்ப்படகுகள் முழங்கால் தண்ணீரில் ஒரே கோட்டில் நின்றன. ஒவ்வொன்றும் ஒரு கை நீளம். ஒவ்வொன்றையும் ஒருவர் பின்பக்கம் பிடித்திருந்தார்.

2. நான் விசில் ஊதினேன். ஐந்து பேர் கையை எடுத்தார்கள். முகத்துவாரக்குப்பத்துக்காரர் மட்டும் தள்ளினார்.

3. "தள்ளல்" என்று சொல்லிக் கொடியைத் தூக்கினேன். தோணிக்காரர் போய் எல்லாப் படகுகளையும் திருப்பிக் கொண்டுவந்தார்.

4. மறுபடி ஊதினேன். அவர் மறுபடி தள்ளினார்.

5. இரண்டு தள்ளல் விழுந்த படகு அன்று ஓடக் கூடாது என்பது விதி. அவர் படகைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கரையேறினார்.

6. மீதி ஐந்தும் ஓடின. என் அண்ணனின் படகு முதலில் வந்தது.

ஆறாவது மட்டும் வேறு மாதிரி முடிந்திருந்தால் முதல் ஐந்தையும் எல்லோரும் மறந்திருப்பார்கள். விசில் ஊதியவள் தங்கை, ஜெயித்தவன் அண்ணன் என்றால் யார்தான் மறப்பார்கள்?

நான் தொழிற்பள்ளியில் வரைபடம் கற்றவள். துறைமுகத்தை ஒட்டிய ஒரு பட்டறையின் வரைபட அறையில் ட்ரேசராக இருக்கிறேன். இன்ஜினியர்கள் பென்சிலில் போட்ட படத்தின்மேல் மெழுகுத் துணியை விரித்து, மசியால் அதே கோட்டை இழுப்பது என் வேலை. கோடு அங்கே இருக்கிறதா இல்லையா என்பது மட்டுமே என் கேள்வி. இருந்தால் நன்றாயிருக்குமே என்று நினைத்து எதையும் போட முடியாது. என் அண்ணன் அதே பட்டறையில் பிட்டர். அவரும் கூட வேலை பார்ப்பவர்கள் சிலரும் மெல்லிய பலகையில் படகு செய்து, அடியில் ஈயம் வைத்து, பழைய வேட்டித் துணியில் பாய் கட்டுவார்கள். கோடையில் கழிமுகத்தை மணல் மூடி, உள்ளே தண்ணீர் அசையாமல் கிடக்கும். அந்த மாதங்களில் மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை, படகுகளைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு திருவொற்றியூரில் ரயிலேறிப் போவோம். குப்பத்து ஆட்கள் வலை மிதப்புக்கு ஆகும் கல்யாண முருங்கைக் கட்டையைச் செதுக்கித் தங்கள் படகோடு வருவார்கள். மத்தியானம் கடல்காற்று எழுந்ததும் மணல்திட்டிலிருந்து படகை விட்டால், காற்று முதுகில் அடிக்க அது எதிர்க்கரைக்குப் போய்ச் சேரும்.

முன்பு விசில் ஊதியவர் வேலை கிடைத்து ரங்கூனுக்குப் போய்விட்டார். பட்டறை ஆள் ஊதினால் குப்பத்துக்குச் சம்மதம் இல்லை. குப்பத்து ஆள் ஊதினால் பட்டறைக்குச் சம்மதம் இல்லை. நானும் பட்டறைதான், ஆனாலும் என் பெயரைச் சொன்னது குப்பத்துக்காரரின் மனைவி. ரயிலடியில் மீன் விற்கிறவர், என்னிடம் பேரம் பேசி அலுத்தவர்.

"அந்தப் பொண்ணு ஊதட்டும். மீன் செவுள தூக்கிப் பாத்துட்டு, நல்லா கீதுன்னா நல்லா கீதுன்னு சொல்லிடும், இல்லன்னா மூஞ்சிக்கு நேரா சொல்லிடும். உங்கள மாரி மென்னு முழுங்காது" என்றார். அப்படித்தான் விசில் என் கைக்கு வந்தது.

ஊதுவது எளிது. பார்ப்பதுதான் வேலை. மரப்படகை ஓட விடும்போது கையை எடுக்க வேண்டும், அவ்வளவே. காற்று இழுத்துக்கொள்ளும். தள்ளினால் முதல் மூச்சிலேயே ஒரு படகு நீளம் லாபம். தள்ளியவரின் முகத்தைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது, எல்லோர் முகமும் ஒரே மாதிரி விறைத்திருக்கும். கையைப் பார்க்கலாம் என்றால் கோட்டில் ஆறு கைகள். நான் பார்ப்பது தண்ணீரை. தள்ளிய படகின் பின்னால் தண்ணீர் சட்டென்று குழிந்து சுழிக்கும். விட்ட படகின் பின்னால் குழியே இருக்காது, துணி மடிப்பு நீவினாற்போல் இருக்கும். கோட்டின் ஓரத்தில் நின்று அத்தனை படகின் பின்பக்கத்தையும் ஒரே பார்வையில் பிடித்தால் போதும். அன்றைக்கு இரண்டு தடவையும் ஒரு குழி இருந்தது. ஒரே இடத்தில். அதில் எனக்குச் சந்தேகம் எதுவும் இல்லை.

குப்பத்துக்காரருக்கும் சந்தேகம் இல்லை என்பதுதான் சங்கடம்.

"நான் தள்ளவே இல்ல தங்கச்சி" என்றார் கரையில். உயரமான மனிதர். கோபம் வந்தால் குரல் ஏறாது, இறங்கும்.

"தள்ளினீங்க அண்ணாத்தே. ரெண்டு வாட்டியும்."

"என் கை எனக்குத் தெரியாதா?"

"தண்ணிக்குத் தெரியுதே."

பக்கத்தில் நின்ற அவருடைய மச்சான் சும்மா இருக்கவில்லை. "தண்ணி இன்னா சொல்லும்? அது அவுங்க அண்ணன் பேர தான் சொல்லும்." சிலர் சிரித்தார்கள். என் அண்ணன் வாய் திறப்பதற்குள் நான் அவரைப் பார்த்தேன், திறக்கவில்லை.

குப்பத்துக்காரர் சிரிக்கவில்லை. படகைத் திருப்பி அதன் வயிற்றைத் துடைத்தார். நன்றாகச் செதுக்கிய படகு. அன்று நின்ற ஆறில் அதுதான் லேசானது. "அடுத்த மாசம் வரேன். அன்னிக்கும் ஓடாம கரையேத்துனீங்கன்னா, இத்த அடுப்புல வெச்சுட்டு உக்காந்துக்குவேன். எங்க ஆளுங்களும் வர மாட்டாங்க. நீங்களே உங்களுக்குள்ள ஓட்டிக்கினு இருங்க."

வெறும் மிரட்டல் என்று எடுத்துக்கொள்ள முடியவில்லை. கழி அவர்களுடையது. தோணி அவர்களுடையது. அவர்கள் வராவிட்டால் பட்டறை ஆட்கள் ஐந்து பேர் ஒருவரையொருவர் ஜெயித்துக்கொண்டு, இரண்டு மாதத்தில் அலுத்து நிறுத்திவிடுவார்கள். அவர் ஒரு தடவையாவது ஓட வேண்டும். ஆனால் தள்ளினால் நான் தள்ளல் என்றுதான் சொல்வேன். இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி வேண்டியிருந்தது.

அவர் மனைவிதான் என்னைக் கூப்பிட்டார். மறு ஞாயிறு ரயிலடியில், கூடையை இறக்கி வைத்துவிட்டு, "வந்து அந்த ஆளு கைய நீயே பாரு. ராத்திரி பூரா பொலம்பிக்கினு கீது. எனக்கு பேஜாரா பூட்ச்சு" என்றார்.

குப்பத்துக்குப் போனபோது கட்டுமரம் இறக்கிக்கொண்டிருந்தார்கள். கடல் பக்கம் கழி மாதிரி இல்லை, அலை மேல் அலை. நாலு பேர் மரத்தைப் பிடித்து இடுப்புத் தண்ணீரில் நின்றார்கள். ஓர் அலை உடைந்து, அடுத்தது எழுவதற்குள் ஒரே தள்ளு. தோள், முழங்கை, மணிக்கட்டு எல்லாம் சேர்ந்து போகிற தள்ளு. அதில் குப்பத்துக்காரரும் இருந்தார். மரம் அலையைத் தாண்டியதும் திரும்பி வந்தார்.

"சும்மா வுட்டா இன்னா ஆவும் அண்ணாத்தே?" என்று கேட்டேன்.

"சும்மா வுட்டாவா?" அவருக்குக் கேள்வியே புரியவில்லை. "திரும்பி வந்து மார்ல இடிக்கும். எலும்பு பூடும். தண்ணில மரத்த யாரு சும்மா வுடுவாங்க?"

"கழில நீங்க விடணுமே."

அவர் தன் கையைப் பார்த்துக்கொண்டார். உள்ளங்கை, பிறகு புறங்கை. "விசிலு கேட்டதும் அலை பூட்சுன்னு தோணுது" என்றார் மெதுவாக. "அப்போ கை தானா போயிருக்கும் போல."

"போல இன்னா போல? போச்சு" என்றார் அவர் மனைவி. "கட்டில்ல படுத்துக்கினு கூட தள்ளுது தங்கச்சி. நான் தரையில வுழுந்து எழுந்துக்கினு கீறேன்."

ரயிலில் திரும்பும்போது யோசித்தேன். அவர் பொய் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. கையை விதி சொல்லித் திருத்த முடியாது. இத்தனை வருஷம் கடல் பழக்கிய கையை ஒரு மாதத்தில் நான் எப்படிப் பழக்குவது? ஆகவே, கை தள்ளினாலும் அந்தத் தள்ளு படகுக்குப் போய்ச் சேரக் கூடாது. குறுக்கே ஒரு மூங்கில் வைத்து, விசிலடித்ததும் அமுக்கிவிடலாமா என்று பார்த்தேன். மூங்கில் ஒரு முனை முந்தி அமுங்கும், அந்தப் பக்கத்துப் படகு முந்தும். வேண்டாம்.

திங்கட்கிழமை வரைபட அறையில் சுருள்களை நாடாவால் கட்டிக்கொண்டிருந்தபோது விடை வந்தது. புதிய விஷயமே இல்லை. தொழிற்பள்ளியில் முதல் மாதம் கரும்பலகையில் எழுதிப் போட்டதுதான், பரீட்சையில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன்: கயிறு இழுக்கும், தள்ளாது.

படகின் பின்முனையில் ஒரு துளை. அதில் நூலைக் கோத்து, இரண்டு முனைகளையும் ஒரே கையில் பிடித்துக்கொள்வது. படகு பாதி நூல் நீளம் முன்னால் நிற்கும், காற்று அதை இழுத்துப் பிடித்திருக்கும். விசில் கேட்டதும் ஒரு முனையை விட்டால் நூல் துளைவழி உருவிக்கொண்டு வந்துவிடும். கை எவ்வளவு தள்ளினாலும் நூல் தொய்யும், அவ்வளவுதான்.

இரவுச் சாப்பாட்டின்போது அண்ணனிடம் சொன்னேன். அவர் சோற்றைப் பிசைவதை நிறுத்தவில்லை.

"அந்தாளு கை தள்ளுதுன்னா அது அந்தாளு பாடு. நான் எதுக்கு என் படகுல ஓட்டை போடணும்?"

"நீதான் தள்றதே இல்லியே. நூலால உனக்கு இன்னா நஷ்டம்?"

"நஷ்டம் இல்ல. லாபம் போவுதே." சொல்லிவிட்டு அவரே சிரித்தார். "அந்தக் கல்யாண முருங்கை ஓடுச்சுன்னா என்னுது பின்னால தான் போவும். தெரிஞ்சு தான சொல்றே?"

"தெரிஞ்சுதான்."

"நீ எனக்கு தங்கச்சியா, குப்பத்துக்கு தங்கச்சியா?"

"கழிக்கரையில ரெண்டு பேருக்கும் இல்ல."

சாப்பிட்டு முடித்துக் கை கழுவியவர், துளைபோடும் ஊசியைத் தேடி எடுத்தார். காலடிப்பேட்டைக் குளத்தில் மறுநாள் வைத்துப் பார்த்தோம். அண்ணன் வேண்டுமென்றே முழு பலத்தோடு கையை முன்னால் வீசினார். நூல் தண்ணீரில் பாம்புபோல் நெளிந்தது. படகு தன் பாட்டுக்குப் போயிற்று. "சரி" என்றார். அவரிடமிருந்து அது பெரிய சொல்.

அடுத்த போட்டிக்கு முன்னால் விதியைச் சொன்னேன். எல்லோருக்கும் ஒரே நீள நூல், நானே அறுத்துத் தருவது. யாரும் சொந்த நூல் கொண்டுவரக் கூடாது. பட்டறை ஆள் ஒருவர், அண்ணனோடு லேத்தில் நிற்பவர், கொண்டுவந்திருந்தார். வாங்கி விரல்மேல் போட்டேன். தொங்காமல் நிமிர்ந்து நின்றது, உள்ளே மெல்லிய கம்பி. திருப்பிக் கொடுத்துவிட்டு, நான் அறுத்த நூலை நீட்டினேன். குப்பத்து மச்சான் மட்டும், "இன்னா நைனா, நூலுக்கு எலும்பு வெச்சுகினு வந்துகீறே" என்றார். கொண்டுவந்தவர் அதைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

காற்று எழுந்தது. ஆறு படகுகளும் பாய் புடைத்து நூலை விறைப்பாக இழுத்து நின்றன. குப்பத்துக்காரர் வலது கையில் நூலைப் பிடித்து, இடது கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். மனைவியின் யோசனையாக இருக்கும். நான் கோட்டின் ஓரத்தில் போய் நின்று ஊதினேன்.

ஆறு நூல்களும் உருவின. குப்பத்துக்காரரின் இடது கை முதுகிலிருந்து விடுபட்டு வந்தது. உள்ளங்கை விரிந்து, தோள் சாய, முழு பலத்தோடு முன்னால் போயிற்று. அங்கே ஒன்றும் இல்லை. வெறும் காற்றைத் தள்ளிவிட்டு, தடுமாறி ஓர் அடி முன்னால் வைத்து நின்றார். படகு அதற்குள் இரண்டு கை தூரம் போயிருந்தது.

"தள்ளல்" என்று கத்தினார் கம்பி நூல்காரர். "கை முன்னால போச்சு, எல்லாரும் பாத்தீங்க. கொடிய தூக்கும்மா."

குப்பத்துக்காரர் அப்படியே நின்றார். நீட்டிய கையை மடக்கக் கூட இல்லை. என்னைத் திரும்பிப் பார்த்தார். கரை முழுதும் பார்த்தது, என் அண்ணன் உட்பட.

நான் பார்க்க வேண்டியதை ஏற்கெனவே பார்த்திருந்தேன். கொடி கீழேயே இருந்தது.

"தண்ணில குழி இல்ல" என்றேன். "படகு மேல கை படல. தள்ளல் இல்ல. ஓடட்டும்."

"அப்போ கை போனது?"

"கை போனது அவர் இஷ்டம். படகு போனது காத்து இஷ்டம்."

மீன்கார அக்கா மணலில் உட்கார்ந்து சிரித்தார். "காத்த தள்ளிட்டாரு எங்கூட்டுக்காரரு. எல்லாம் பாத்துக்குங்க, இன்னிக்கு ஊரெல்லாம் புயலு."

எதிர்க்கரைக்கு அண்ணனின் படகும் கல்யாண முருங்கையும் ஒன்றையொன்று ஒட்டியே போயின. கரை நெருங்கும் இடத்தில் காற்று ஒரு பக்கமாகச் சாய்ந்தது. லேசான படகு தலை திரும்பிற்று. அடியில் ஈயம் இருந்த படகு திரும்பவில்லை. அண்ணனுடையது முதல், குப்பத்துடையது இரண்டாவது. எதிர்க்கரையில் நின்று முடிவு சொன்னவர் குப்பத்து ஆள்தான். அதனால் யாரும் தங்கை, அண்ணன் என்று ஆரம்பிக்கவில்லை.

படகைத் தோணியில் திருப்பிக் கொண்டுவந்ததும் குப்பத்துக்காரர் அதன் அடிப்பக்கத்தைத் தடவிப் பார்த்தார். பிறகு என் அண்ணனின் படகை வாங்கி அதன் ஈயத்தையும் தடவிப் பார்த்தார்.

"இன்னிக்குத் தோத்தேன்" என்றார் என்னிடம். குரல் இறங்கியிருக்கவில்லை. "போன மாசம் நான் தோக்கல. ஓடவே இல்ல."

"ஆமா" என்றேன்.

"அடுத்த மாசம் அடியில ஈயம் வெக்கறேன். எவ்ளோ வெக்கலாம்னு உங்க அண்ணன் சொல்லுவாரா?"

"நீயே கேளு" என்றார் அவர் மனைவி. "அந்தப் பொண்ணு ரெண்டு பேருக்கும் தங்கச்சி இல்லியாம்."

வீட்டில் நான் அண்ணனிடம் சொன்னதை அந்த அக்காவின் காதுவரைக்கும் கொண்டுபோனது யார் என்று எனக்குத் தெரியும். ரயிலில் வரும்போது அண்ணன் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார்.

இப்போது கழியில் எல்லாப் படகுகளும் நூலில்தான் விடப்படுகின்றன. நூலை நான் அறுத்துத் தருகிறேன். குப்பத்திலிருந்து மூன்று படகுகள் வருகின்றன, ஒன்றின் அடியில் ஈயம் இருக்கிறது. குப்பத்துக்காரரின் இடது கை இன்னும் ஒவ்வொரு விசிலுக்கும் காற்றைத் தள்ளுகிறது. அதற்குத் தள்ளல் கிடையாது. விசில் என்னிடம் இருக்கிறது.